ஏற்ற இறக்க ஆய்வாளர், முதல்நிலை

"சமூக ஏற்றத்தாழ்வுகளை முப்பத்தோராண்டுகள் களத்தில் நின்று ஆராய்ந்த முதல்நிலை அறிஞர். அடித்தட்டிலிருந்து உச்சிவரை எல்லா நிலைகளிலும் பழகியவர். மேலே செல்ல விரும்பும் எளிய மனிதனுக்கு மூடிய கதவே முதல் தடை என்பது இவருடைய முக்கியக் கண்டுபிடிப்பு. ஆரவாரம் விரும்பாதவர். இதுவரை ஒரு நூல்கூட வெளியிடாதது இவருடைய அடக்கத்துக்குச் சான்று."

'ஒரே பெயர், நூறு பெருமை' என்ற கெட்டி அட்டைப் புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், நூறாவது பெருமகனைப் பற்றி இப்படி அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே படமும் இருக்கிறது. படத்தில் இருப்பவர் லிஃப்ட் பார்க்கிறவர்.

லிஃப்ட் பார்க்கிறவர் என்றால் பொத்தானை அமுக்கிவிட்டு அண்ணாந்து பார்க்கிறவர் அல்ல. அதை நாம் எல்லோரும் சம்பளமில்லாமல் செய்கிறோம். இவர் அரசாங்கச் சம்பளத்தில் பார்த்தார். நகரத்தின் கிழக்குப் பாதியிலுள்ள எழுநூற்றுச் சொச்சம் லிஃப்டுகளை வருடத்துக்கு ஒருமுறை சோதித்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. சமூகத்தைப் பற்றி அவர் தன் வாழ்நாளில் வெளியிட்ட ஒரே கருத்து, எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் பத்துப் பேர் ஏறுவார்கள் என்பது.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'மில்லி'. லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் செருப்புக் காலால் தடவிப் பார்த்துவிட்டு "சரி" என்பார்கள். இவர் மண்டி போட்டு, இரும்பு ஸ்கேலை நிறுத்தி, "ஆறு மில்லி மேல நிக்குது" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். "மில்லி வந்தாச்சா?", "இன்னைக்கு மில்லி கிடையாதா?" என்றெல்லாம் ஃபோனில் விசாரிப்பதைக் கேட்ட புது ஊழியர்கள் அவரைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். மனிதர் சோடாகூடத் தொடாதவர்.

வீட்டில் அவருக்கு அந்தப் பெயரும் கிடையாது. அங்கே அவர் 'டாக்டரோட தம்பி'. அண்ணன் இதய அறுவை மருத்துவர். ஒரே வீடு, மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு. வாசல் பலகையில் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பெயர் இருவருக்கும் பொது, அதற்கு முன்னால் இருந்த 'டாக்டர்' மாடிக்கு மட்டும். தம்பிக்கு வந்த கடிதங்களைத் தபால்காரர் படியேறிப் போய் மாடியில் போட்டுவிட்டு வருவார். தம்பியின் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்த ஆஸ்பத்திரியில், அவள் கட்டிலில் தொங்கிய சீட்டில் 'டாக்டர் தம்பி சம்சாரம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். பத்திரிகையில் அவர் படம் ஒரே ஒரு தடவை வந்தது. அண்ணனுக்கு ஏதோ விருது கொடுத்த அன்று, படத்தின் இடது ஓரத்தில், பாதித் தோளாக.

இந்த நிலைமையில்தான் சங்கம் குறுக்கே வந்தது.

ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் உறவில்லை, தொழில் தொடர்பில்லை, கருத்தொற்றுமை அறவே இல்லை. எழுத்துக்கூட்டல் ஒன்றுதான் பொது. ஆனால் ஒருவர் சாதித்ததற்கு மற்றவர்கள் பெருமைப்படுவதற்கு எழுத்துக்கூட்டல் போதும் என்பது சங்கத்தின் கொள்கை. வெள்ளி விழாவுக்கு அந்தப் பெயரில் பல துறைகளில் புகழ்பெற்ற நூறு பேரைத் திரட்டிப் புத்தகம் போடுவதென்று தீர்மானித்தார்கள். ஒரு படைத்தளபதி கிடைத்தார். அவர் ஒரு போரிலும் தோற்றதில்லை, அவர் பதவியிலிருந்த காலத்தில் போர் நடக்கவில்லை. ஒரு பாடகி, ஒரு செஸ் வீராங்கனை, ஒரு நீச்சல் வீரர், பாறையில் வளரும் ஒரு பாசிக்குத் தன் பெயரை வைத்த தாவரவியலாளர், ஒருவர் கொடுத்த தீர்ப்பை மற்றவர் ரத்துசெய்த இரண்டு நீதிபதிகள். நூறாண்டுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு கொள்ளைக்காரரையும் கண்டுபிடித்தார்கள். புகழில் மற்ற எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் அவர்தான். அவரை 'நிதித்துறை' என்ற தலைப்பில் சேர்க்கலாமா என்று இரண்டு கூட்டங்கள் விவாதித்துவிட்டு, வருத்தத்தோடு விட்டுவிட்டார்கள்.

தொண்ணூற்றொன்பது பேர் தேறினார்கள். நூறாவது ஆள் கிடைக்கவில்லை. பொருளடக்கத்தில் 'சமூக அறிவியல்' என்ற தலைப்பு மட்டும் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது. சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். நாற்பது வருடம் மாணவர்களின் விடைத்தாளில் இல்லாத அர்த்தத்தைத் தேடிப் பழகியவர். அவரால் ஒரு காலித் தலைப்பைச் சும்மா விட முடியவில்லை.

அவர் டாக்டரின் விவரங்களைச் சேகரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டுக்கு வந்தார். மாடியில் ஆள் இல்லை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். தம்பி திறந்தார்.

"நீங்க?"

"டாக்டரோட தம்பி."

"அப்போ நீங்களும் நம்ம பேர்தான்! என்ன பண்றீங்க?"

எல்லாக் கோளாறும் இந்தக் கேள்விக்கு வந்த பதிலில் தொடங்கியது. உலகத்தில் உள்ள எந்த லிஃப்ட் இன்ஸ்பெக்டரும் இதற்கு "லிஃப்ட் இன்ஸ்பெக்டர்" என்றுதான் சொல்வார். ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் அவருடைய அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இனிமேல் பதவிப் பெயர்களையெல்லாம் நல்ல தமிழில் எழுத வேண்டும், தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதும் ஊழியர்கள் அப்படியே சொல்ல வேண்டும் என்று. நூற்றுப்பத்து ஊழியர்களில் அந்தச் சுற்றறிக்கையைக் கடைசி வரி வரை படித்தவர் ஒருவர்தான். அதன்படி நடந்தவரும் அவர்தான்.

"ஏற்ற இறக்க ஆய்வாளர், முதல்நிலை" என்றார்.

செயலாளர் வாசற்படியிலேயே பேனாவைத் திறந்தார்.

"ஆய்வாளரா! எத்தனை வருஷமா ஆய்வு?"

"முப்பத்தொண்ணு."

"புத்தக ஆய்வா, கள ஆய்வா?"

"களத்துலதாங்க. ரூம்ல உக்காந்து இதப் பாக்க முடியுமா? நேர்ல போகணும், இறங்கணும், கையை அழுக்கு பண்ணிக்கணும்."

"அருமை. பெரிய இடம், சின்ன இடம்னு எல்லா இடத்துக்கும் போவீங்களா?"

"நமக்கு எல்லாம் ஒண்ணுதான். கீழ இருக்கறவன் மேல போகணும். மேல இருக்கறவன் பத்திரமா கீழ வரணும். அவ்வளவுதானே?"

செயலாளர் ஒரு கணம் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். சிந்தனையாளரின் முகத்தைப் பார்க்கும் பார்வை அது.

"கீழேருந்து மேல போறவங்களுக்கு எது பெரிய தடைன்னு நினைக்கறீங்க?"

"கதவு" என்றார் இவர், யோசிக்காமல். "பத்துக்கு எட்டு கேஸ்ல கதவுதான். சரியா மூடாது, இல்லேன்னா சரியா திறக்காது."

"கதவு!" என்றார் செயலாளர். "யார் சொல்லியிருக்காங்க இத!"

"எங்க மேனுவல்லயே இருக்குங்க."

அந்தக் கடைசி வரி குறிப்பேட்டில் ஏறவில்லை. ஒரு பாஸ்போர்ட் படத்தை வாங்கிக்கொண்டு செயலாளர் கிட்டத்தட்ட ஓடினார். வீட்டுக்குப் போய் எழுதும்போது 'ஏற்ற இறக்கம்' என்பது அவருக்குப் பங்குச்சந்தைச் செய்தி மாதிரி ஒலித்தது. அறிஞர் ஒருவர் அப்படிக் கொச்சையாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று தீர்மானித்து, 'ஏற்றத்தாழ்வு' என்று திருத்தினார். பெயரில் ஒற்றுமை கண்டவர்களையெல்லாம் பெருமகன் ஆக்கிக்கொண்டிருந்தவருக்கு, சொல்லில் ஒற்றுமை கண்ட இடத்தில் ஓர் அறிஞரை உண்டாக்குவது பெரிய காரியமில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. டாக்டருக்கு அரைப் பக்கம். தம்பிக்கு முழுப் பக்கம்.

மாடியிலிருந்து அண்ணன் இறங்கி வந்தார். அவர் கீழே இறங்கி வருவது அபூர்வம், அவர் கூப்பிட்டால் தம்பி மேலே போவதுதான் வழக்கம்.

"என்னடா இது? நீ எப்போ சமூகத்த ஆராய்ஞ்சே?"

"நான் எதுவும் சொல்லலேண்ணா. அவரே எழுதிக்கிட்டாரு."

"எனக்கு ரெண்டு ஆபரேஷன வெட்டியிருக்கான். இடமில்லையாம்." அண்ணன் பக்கத்தைப் புரட்டித் தம்பியின் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "கதவாம்!"

அன்றே தம்பி ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். தாம் அறிஞர் அல்ல, லிஃப்ட் சோதிப்பவர், பிழையைச் சரிசெய்யவும் என்று நாலே வரி. உறையில் போட்டு ஒட்டினார். மனைவி அதைப் பார்த்தாள்.

"இப்போ என்ன அவசரம்?" என்றாள்.

"பொய்யில்லையா அது?"

"நீங்களா சொன்னீங்க? அவங்க போட்டாங்க. முப்பது வருஷமா உங்களப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் போடல, அது மட்டும் உண்மையா? விழாவுல மேடையில ஏறி அவங்க தரப்போற கேடயத்த வாங்கிட்டு இறங்குங்க. அதுக்கப்புறம் கடிதம் என்ன, தந்தியே அடிங்க."

கடிதம் சட்டைப்பைக்குள் போயிற்று. விழா வரை பதினொரு நாள் அங்கேயே இருந்தது. நேர்மையான மனிதர்களுக்கும் தபால்பெட்டி தொலைவாகத் தெரியும் நாட்கள் உண்டு. அந்தப் பதினொரு நாளில் தபால்காரர் முதல் முறையாகக் கீழ்வீட்டிலேயே கடிதத்தைப் போட்டார். எதிர்வீட்டு வக்கீல், அதுவரை தலையசைப்போடு நிறுத்திக்கொண்டவர், வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"சார், இவ்வளவு ஏற்றத்தாழ்வுக்கு அடிப்படைக் காரணம் என்னன்னு நினைக்கறீங்க?"

இவர் உண்மையான பதிலைத்தான் சொன்னார். "பராமரிப்பு இல்லீங்க. போடும்போது போட்டதோட சரி. அப்புறம் எவனும் திரும்பிப் பாக்கறதில்ல."

வக்கீல் வீட்டுக்குள் போய் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

இவருக்கு அது பிடித்திருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் பலகையை ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனார், அதில் புதிதாக எதுவும் எழுதப்படாதபோதும்.

விழா ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை அவர் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. ஏழு மாடிக் கட்டிடம், பழைய லிஃப்ட், அனுமதி காலாவதியாகி எட்டு மாதம். உச்சி மாடியில் ஒரு சங்கத்தின் விழா மண்டபம். அவசரம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. சங்கத்தின் பெயரைப் படித்ததும் அவர் கோப்பை மூடிவிட்டு, மறுபடி திறந்தார். பெயர் மாறவில்லை.

அவர் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். லிஃப்டின் கூண்டு இரும்புக் கம்பி வடங்களில் தொங்குகிறது. ஒவ்வொரு வடமும் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. வடம் ஒரே நாளில் அறுவதில்லை, இழை இழையாக அறுகிறது. அறுந்த இழையின் முனை முள் போல வெளியே நீட்டும், எண்ணெயும் தூசியும் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இவர் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, பக்கத்தில் எதிர்எடையோடு எதிர்த்திசையில் ஓடும் வடத்தை ஒரு பழைய பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கூண்டை மெல்ல ஓட்டச் சொல்வார். முள் இருந்தால் துணி சிக்கும். சிக்கும் இடத்தில் நிறுத்தி, துடைத்து, எண்ணுவார். இதனால் அவர் வீட்டில் கிழிந்த தலையணை உறை, பழைய போர்வை எதுவும் தங்கியதில்லை. "இந்த வீட்டுல கரித்துணிக்குக்கூட வழியில்ல" என்று மனைவி சொல்வது அதனால்தான்.

அன்றே அவர் போன அந்தக் கட்டிடத்தில் லிஃப்டை ஓட்டிக் கொடுக்கக் காவலாளி வந்தார்.

"நீ இதுல தினம் போறியாப்பா?"

"நானா? நான் படியில போறேன் சார். மாடியில இருக்கறவங்க பாதிப் பேரும் படிதான். சங்கத்துக்காரங்க மட்டும் இதுல போவாங்க. அவங்களுக்குப் பழக்கம்."

"ஏன் நீ போறதில்ல?"

"அது ஒரு மாதிரி முனகுது சார். எங்க மாமியார் மாதிரி. அதுக்கு அப்புறம் என்ன வரும்னு எனக்குத் தெரியும்."

நாலு வடங்கள். முதல் வடத்தில் மூன்றாம் மாடிக்கு நேரே துணி சிக்கியது. நாலாம் மாடியில் மறுபடி. ஐந்தாம் மாடியில் துணி கையைவிட்டே போயிற்று. வடத்தின் முறுக்கு ஒருதரம் சுற்றிவரும் நீளத்துக்குள் ஆறு இழைகள் அறுந்திருந்தால் வடத்தை மாற்ற வேண்டும் என்பது விதி. அவர் எண்ணினார், இடமிருந்து வலமாக ஒரு தடவை, வலமிருந்து இடமாக ஒரு தடவை. பதினேழு.

அந்த நேரத்தில்தான் ஆறாம் மாடிக் கதவிடுக்கில் செயலாளரின் முகம் தெரிந்தது. கூண்டின் கூரைமேல், முழங்கை வரை கறுப்பு எண்ணெயோடு, நூறாவது பெருமகன் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா! நீங்களா!" என்றார் செயலாளர். வியப்பு சீக்கிரமே மகிழ்ச்சியாக மாறியது. "புரியுது, புரியுது. விழா உரைக்குக் குறிப்பு எடுக்கறீங்க. லிஃப்டுக்குள்ளயும் ஏற்றத்தாழ்வு இருக்குன்னு காட்டப் போறீங்க. அதுக்காக இவ்வளவு தூரமா? இதுதான்யா ஆய்வு!"

"சார், லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தீங்களே."

"ஆமா. இன்ஸ்பெக்டர் வரணும். இன்னும் வரல."

"வந்தாச்சு."

செயலாளர் அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். வடங்கள் மட்டும் இருந்தன. பிறகு அவர் முகத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கீழே இறங்கியது: ஆய்வாளர், களம், முதல்நிலை, கடைசியாகக் கதவு.

"அப்போ... சமூகம்?"

"அது நீங்க போட்டது சார்."

நாற்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர், தன் விடை தப்பு என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகு அவருடைய நடைமுறை அறிவு உடனே வேலை செய்தது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. புத்தகம் ஐந்நூறு பிரதி வெளிய போயாச்சு. உங்களுக்கும் கெடுதல் இல்ல, எங்களுக்கும் இல்ல. நீங்க அறிஞராவே இருங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். இந்த லிஃப்டுக்கு மட்டும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"வடம் போயிருக்கு சார். பதினேழு இழை."

"நாலு வடம் இருக்கே? மிச்சம் மூணு நல்லாத்தானே இருக்கு?"

"நாலும் ஒரே சுருள்லேருந்து, ஒரே நாள்ல வெட்டினது. ஒண்ணு இப்படின்னா மத்ததுக்கும் அதே வயசு, அதே வியாதி. ஒரே குடும்பம் மாதிரி."

குடும்பம் என்றதும் செயலாளருக்குப் பழக்கதோஷத்தில் ஒரு மலர்ச்சி வந்து, உடனே அடங்கியது.

"ஞாயிற்றுக்கிழமை இருபத்துமூணு பேர் வர்றாங்க ஐயா. சராசரி வயசு எழுபத்தஞ்சு. தளபதிக்கு எண்பத்தெட்டு. ஏழு மாடி ஏறுவாரா அவரு? அனுமதி இல்லேன்னா விழா இல்ல. மேடை இல்ல, கேடயம் இல்ல. இடைக்கால அனுமதின்னு ஏதோ படிவம் இருக்காமே? முப்பது நாளைக்கு? அத ஒண்ணு கொடுங்களேன்."

"அது விளக்கு எரியலேன்னா கொடுக்கறது."

"நாங்க ஒரு விளக்கக் கழட்டிடறோம்."

அவர் மெயின் சுவிட்சை நிறுத்தி, இயந்திர அறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அதுவரை வழக்கம்போல. அடுத்துச் செய்தது வழக்கமில்லை: அறிக்கையை உடனே எழுதவில்லை. ஆய்வு முடிந்து அறிக்கை தர இரண்டு நாள் அவகாசம் உண்டு என்று விதியில் ஒரு துணைப்பிரிவு இருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் அவர் அதைப் பயன்படுத்தியதே இல்லை. இப்போது பயன்படுத்தினார். 'ஓடக்கூடாது' என்று எழுதினால், அந்தத் தாளை எல்லா மாடிக் கதவிலும் ஒட்ட வேண்டும். தாளின் கீழே ஆய்வாளரின் முழுப் பெயரும் பதவியும் எழுதியாக வேண்டும். விழாவுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் எழுத்துக் கூட்டாமலே படிக்க வரும் பெயர் அது.

வெள்ளிக்கிழமை காலை செயலாளர் டாக்டருக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். சாயங்காலம் அண்ணன் மறுபடி கீழே இறங்கி வந்தார், ஒரே மாதத்தில் இரண்டாம் தடவை.

"என்னடா பிரச்சினை? ஒரு நாள்தானே. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ நோயாளிகிட்ட அப்படிச் சொல்லுவியாண்ணா?"

"தினமும் சொல்றேன்."

"ஆனா ஆபரேஷன் பண்ணிட்டுத்தானே சொல்றே?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாரு. உன் வேலைய நான் குறை சொல்லல. ஆனா நீ அந்தத் தாள ஒட்டினா, நீ யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அண்ணன் டாக்டர், தம்பி அறிஞர்னு பேசறாங்க. நல்லாத்தான் இருக்கு. எனக்கே பழகிடுச்சு. இப்போ போய் லிஃப்ட்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. 'லிஃப்ட்' என்ற சொல்லை அண்ணன் சொன்ன விதம், முப்பத்தோரு வருடமாக அந்த வீட்டில் அது எப்படி உச்சரிக்கப்பட்டதோ அதே விதம்தான். சில மில்லிமீட்டர் கீழே.

அண்ணன் போனதும் மனைவி வந்து நின்றாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"பதினேழு இருக்கு."

"அதத்தான் நேத்துலேருந்து சொல்றீங்க. நான் கேட்டது உங்கள."

"எட்டுப் பேர் ஏறுவாங்க. கிழவங்க. எட்டுன்னு எழுதியிருந்தா பத்துப் பேர் ஏறுவாங்க."

அவள் அலமாரிப் பக்கம் போனாள். பிறகு, "உங்களுக்கு அறிஞரா இருக்கவே தெரியல" என்றாள். அலமாரியைத் திறந்து, விழாவுக்காக இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்த அவருடைய சட்டையை எடுத்து, மடித்து, அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா நடக்கத்தான் செய்தது. ஏழாம் மாடி மண்டபத்தில் அல்ல, தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தில். பதினெட்டு என்ற எண்ணுக்கும் பத்தொன்பது என்ற எண்ணுக்கும் நடுவில் மேடை. நீச்சல் வீரர் விவரம் தெரியாமல் படியேறி ஏழாம் மாடிக்குப் போய், அங்கே தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தார். செஸ் வீராங்கனை படிகளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துக் கீழேயே நின்றுகொண்டார். தளபதியைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். அவர் லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்திப் படித்தார்.

"நம்ம பேரா இருக்கே. யார் இந்த ஆள்?"

செயலாளருக்கு வேறு வழியில்லை. "டாக்டரோட தம்பி" என்றார்.

தளபதி தாளை மறுபடி படித்தார். "ஓடக்கூடாதுன்னு எழுதியிருக்கான். ஓட்டிப் பாத்தீங்களா?"

"சாவி அவருகிட்ட இருக்குங்க."

"நல்ல வேலை" என்றார் தளபதி. விழாவில் நூறாவது பெருமகனைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரே பாராட்டு அது. மைக்கில் இல்லாததால் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மைக்கில் சொன்னது வேறு: நூறாமவர் ஆய்வுப் பணி காரணமாக வர இயலவில்லை. அடுத்த வாரம் மீதிப் பிரதிகளில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார்கள். 'சமூக அறிவியல்' தலைப்பு மறுபடி ஆளில்லாமல் நின்றது. இரண்டாம் பதிப்பில் கொள்ளைக்காரரைச் சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்திருப்பதாகத் தெரிகிறது.

ஒரு மாதத்தில் நாலு வடங்களையும் மாற்றினார்கள். பழைய வடங்கள் யார் தலையிலும் அறுந்து விழவில்லை. அதனால் அவர் சொன்னது சரி என்று நிரூபிக்க வழியே இல்லாமல் போயிற்று. அந்த வேலையின் சாபக்கேடு அது. சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமல் போனதற்கு எந்தச் சங்கமும் கேடயம் கொடுத்ததாகத் தகவல் இல்லை. தபால்காரர் இரண்டு வாரத்துக்குள் பழையபடி படியேறத் தொடங்கினார். எதிர்வீட்டு வக்கீல் தலையசைப்புக்குத் திரும்பினார். அலுவலகத்தில் மட்டும் யாரோ 'மில்லி'யை மாற்றி 'அறிஞர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சொல்ல நீளமாக இருக்கிறதென்று விட்டுவிட்டார்கள்.

விழாவுக்கு முதல் நாள், அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் அந்தக் கட்டிடத்துக்குப் போயிருந்தார். 'ஓடக்கூடாது' என்று எட்டுத் தாள்களில் எழுதி, ஒவ்வொன்றின் கீழேயும் தன் முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்திட்டார். தரைத்தளத்துக் கதவில் ஒன்றை ஒட்டிவிட்டு, படியேறிப் போய் ஏழு மாடிக் கதவுகளிலும் மீதியை ஒட்டினார்.